மரம் கல்லாச்சு... வண்டு என்னாச்சு?

"சார், அவ்ளோ பெரிய மரம் கல்லாயிடுச்சு, ஓகே. அந்த மரத்துல எறும்பு இருந்திருக்கும், வண்டு இருந்திருக்கும், கரையான் இருந்திருக்கும். அதெல்லாம் ஏன் கல்லாகலை?"

கேட்டது பாண்டியில் ஸூவாலஜி படிக்கிற ஒரு மாணவி. வகுப்போடு திருவக்கரைக்கு டூர் போயிட்டு வந்த கையோடு கேட்டிருக்கிறார். அவருடைய கிளாஸ்ல மத்த எல்லாரும் கல்மரத்து மேல கையை வெச்சு போட்டோ எடுத்துக்கிட்டாங்களாம். இவர் மட்டும் வண்டைத் தேடியிருக்கிறார். இந்த மாதிரி ஆளுங்களாலதான் இந்தப் பக்கமே ஓடுது!

பதில் ஒரு வரியில் முடியுற விஷயம் இல்லை. திருவக்கரையிலிருந்தே ஆரம்பிப்போம்.

பாண்டியில் இருந்துகிட்டு இன்னும் திருவக்கரை போகாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மயிலம் போற ரூட்டில் சுமார் 30 கிலோமீட்டர். விழுப்புரம் மாவட்டம், வானூர் பக்கம். வக்ரகாளியம்மன் கோயில் இருக்கிற ஊர்னு சொன்னா அம்மாவுக்கும் பாட்டிக்கும் உடனே தெரியும். பௌர்ணமிக்கு பஸ் கொள்ளாத கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர்கூட பக்கத்திலேயே இருக்கிற தேசிய கல்மரப் பூங்காவுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தவர்களுக்கு ஊரில் ஒரு கதை ரெடியாக இருக்கும்: அம்மன் வதம் செய்த வக்ராசுரன் கூட்டத்தோட எலும்புகள்தான் இந்தக் கல்லெல்லாம். சிரிக்காதீங்க. 'இது சாதாரணக் கல் இல்லை, எப்பவோ உயிரோட இருந்த ஒண்ணு' என்று ஊர்க்காரங்க கண்டுபிடிச்சுட்டாங்க இல்லையா? அது பாதி விஞ்ஞானம்.

மீதிப் பாதிக்கு வந்தவர்களில் முதல் ஆள், நம்ம பாண்டியில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் பியர் சோனரா. 1781-லேயே இந்தக் கல்மரங்களைப் பற்றிப் பதிவு செய்தவர். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இடத்தை எடுத்துக்கொண்டு வேலி போட்டது. மொத்தம் சுமார் 247 ஏக்கர், சுமார் 200 கல்மரங்கள், வயசு சுமார் 2 கோடி வருஷம்.

அங்கே போனதும் முதலில் கண்ணில் படுவது ஒன்று. எல்லா மரமும் படுத்துக் கிடக்கும். நிக்கிற மரம் ஒண்ணுகூட இல்லை. கிளை இல்லை, வேர் இல்லை, இலை இல்லை, பட்டையும் இல்லை. அடிமரம் மட்டும்தான். அதாவது, இந்த மரங்கள் வளர்ந்த இடம் இது இல்லை. எங்கேயோ காட்டில் விழுந்து, வெள்ளத்தில் உருண்டு புரண்டு, கிளையெல்லாம் முறிந்து, பட்டை உரிந்து, இங்கே வந்து மணலில் புதைந்திருக்கின்றன. அந்த மணல்தான் இன்றைக்கு 'கடலூர் மணற்கல்'. ஆரோவில் போகும்போது பேன்ட்டெல்லாம் சிவப்பாகுமே, அந்தச் செம்மண்ணும் இதே குடும்பம்தான்.

பட்டை உரிஞ்சிடுச்சு என்ற பாயின்ட்டை மனசில் வெச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

இப்போ மெயின் மேட்டர். மரம் எப்படிக் கல்லாகிறது?

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னது: "மரத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் வெளியே போக, அந்த இடத்தில் ஒரு கல் மூலக்கூறு வந்து உட்காரும்." கேட்க நல்லா இருக்கு. ஏதோ சினிமா தியேட்டரில் ஒருத்தர் எழுந்ததும் அடுத்தவர் சீட் பிடிக்கிற மாதிரி! நடந்தது அவ்வளவு ஒழுங்கா இல்லை.

மரக்கட்டை என்பது பாதிக்கு மேல் வெற்றிடம். நீர் ஏறுகிற குழாய்கள், நார்கள், செத்துப்போன செல்களின் காலி அறைகள். இது மணலுக்குள், நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே புதைந்துவிட்டது என்று வையுங்கள். மணலில் இருக்கிற ஃபெல்ட்ஸ்பார் மாதிரியான தாதுக்கள் மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரில் சிலிக்கா சேர்கிறது. அந்தத் தண்ணீர் கட்டைக்குள் நுழைகிறது. மரத்தின் செல் சுவரில் இருக்கிற செல்லுலோஸ், லிக்னின் இரண்டிலும் ஹைட்ராக்ஸில் குழுக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சிலிக்காவுக்கு அவற்றோடு ஒரு பாசம். ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது அடுத்ததை இழுக்கிறது. முதலில் சுவர் மேல் ஒரு பூச்சு. பிறகு காலி அறைகள் நிரம்புகின்றன. கடைசியாகத்தான் சுவரே கொஞ்சம் கொஞ்சமாக அழிய, அந்த இடத்தையும் சிலிக்கா பிடிக்கிறது. ஆரம்பத்தில் அது ஓபல் மாதிரி ஒழுங்கில்லாத சிலிக்கா. காலம் போகப் போக இறுகி, கடைசியில் குவார்ட்ஸ் ஆகிறது. தண்ணீரோடு இரும்பு வந்திருந்தால் சிவப்பு, மஞ்சள், காவி. மாங்கனீஸ் வந்திருந்தால் கறுப்பு.

இன்னொரு ஆச்சரியம். பல கல்மரங்களில் பழைய மரத்தின் கரிமப் பொருள் கொஞ்சம் இன்னமும் மிச்சம் இருக்கும். ஆய்வகத்தில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் விட்டு சிலிக்காவைக் கரைத்தால், செல் சுவரின் மிச்சம் மெல்லிய வலை மாதிரி வெளியே வரும். (வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். அந்த அமிலம் கண்ணாடியையே கரைக்கும், விரல் எம்மாத்திரம்!)

பாண்டிக்காரங்களுக்குப் புரியுற மாதிரி ஒரு உதாரணம். பீச் ரோட்டில் மேரி கட்டடம். 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்து விழுந்தது. பிறகு பழைய படங்களையும் வரைபடங்களையும் வைத்து, அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அது, விழுந்த பிறகு பார்த்துக் கட்டியது. கல்மரம் அப்படி இல்லை. கட்டடம் விழுவதற்கு முன்பே, உள்ளே ஆள் குடியிருக்கும்போதே, அறை அறையாக கான்கிரீட் ஊற்றி நிரப்பி, அப்புறம் செங்கலை ஒவ்வொன்றாக உருவி எடுத்த மாதிரி. அதனால்தான் 2 கோடி வருஷம் கழித்தும் அதை மெல்லிய தகடாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எந்தக் குழாய் எங்கே, எந்த நார் எவ்வளவு தடிமன் என்று தெரிகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் கட்டை. அதில் பாதியை சிலிக்கா நிரப்பினாலே ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். நிலத்தடி நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் சிலிக்கா இருக்கிறது, அதில் ஒரு துளிகூட வீணாகாமல் கட்டையில் ஒட்டிக்கொள்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் 2 கோடி லிட்டர் தண்ணீர் அந்த ஒற்றைக் கட்டை வழியாகப் போயாக வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அடித்தால் 1,600 லோடுக்கு மேல்! ஒரு கட்டைக்கே இந்தக் கதை. அங்கே கிடப்பது 200.

இதுக்கு எவ்வளவு காலம் ஆகும்? கோடி வருஷம் தேவையில்லை. ஜப்பானில் அகாஹானே என்பவரும் கூட்டாளிகளும் தாதேயாமா எரிமலைப் பகுதியில், சிலிக்கா நிறைந்த வெந்நீர் ஊற்றில் மரத்துண்டுகளைப் போட்டு வைத்துப் பார்த்தார்கள். 7 வருஷத்தில் துண்டின் எடையில் சுமார் 40 சதவீதம் சிலிக்கா. 2004-ல் முடிவு வெளியானது. அது வெந்நீர், சிலிக்கா ஏகத்துக்கும் இருக்கிற இடம். நம்ம மணல் தண்ணீர் அவ்வளவு வேகம் இல்லை. ஆனாலும் மரத்துக்கு ஒரு வசதி இருக்கிறது: அதுக்கு அவசரம் இல்லை. லிக்னினைத் தின்று செரிக்கிற முக்கியமான ஆசாமி பூஞ்சை. பூஞ்சைக்கு ஆக்ஸிஜன் வேண்டும். நீரில் ஊறிய மணலுக்கு அடியில் ஆக்ஸிஜன் கிடையாது. ஆக, மரம் பல நூறு வருஷம், ஏன் ஆயிரக்கணக்கான வருஷம்கூட மக்காமல் காத்திருக்கும். சிலிக்கா சாவகாசமாக வரலாம்.

மரம் ஆடுவது டெஸ்ட் மேட்ச். மழை வந்தா நிறுத்திட்டு நாளைக்கு ஆடலாம்.

பூச்சி ஆடுவது சூப்பர் ஓவர்.

இதுதான் அந்த மாணவியின் கேள்விக்கு பாதி பதில். ஒரு வண்டு செத்ததும் என்ன நடக்கும்னு ஹாஸ்டல் ஜன்னல் ஓரத்திலேயே பார்க்கலாம். மணிக்கணக்கில் எறும்பு வந்துவிடும். எறும்பு வராவிட்டாலும் உள்ளேயே ஆள் இருக்கு: வண்டின் குடலில் இருக்கிற பாக்டீரியா. முதலாளி செத்த அடுத்த நிமிஷம் அவை முதலாளியையே சாப்பிட ஆரம்பிக்கும். தசை போகும். மூட்டுகளின் மெல்லிய ஜவ்வு போகும். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கொஞ்சம் தாக்குப் பிடிப்பது கைட்டினாலும் புரதத்தாலும் ஆன மேல் ஓடும் இறக்கையும்தான். அதனால்தான் உலகத்தில் கிடைக்கிற பூச்சி ஃபாசில்களில் பெரும்பாலானவை வெறும் தட்டையான அச்சுகள். ஏரியடிச் சேற்றில் படிந்து, மேலே சேறு அழுத்தி, புத்தகத்துக்குள் வைத்த பூ மாதிரி. இறக்கை நரம்பு தெரியும். உள்ளே ஒன்றும் இருக்காது.

மீதிப் பாதி பதில், அந்தப் பட்டை விஷயம். வண்டுப் புழுக்களில் ஏகப்பட்டவை குடியிருப்பது பட்டைக்கு அடியில். திருவக்கரை மரங்கள் வெள்ளத்தில் வந்தபோதே பட்டை உரிந்துவிட்டது. வீட்டோடு குடித்தனமும் போயிருக்கும் இல்லையா?

அப்போ பூச்சி கல்லாகவே ஆகாதா? ஆகும். ஆனால் தாது, அழுகலை விட வேகமாக வரணும். நாள் கணக்கில். அப்படி வருகிற வழிகள் ரொம்பக் குறைவு.

ஒன்று, வெந்நீர் ஊற்று. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற கிராமம். சுமார் 40 கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே சிலிக்கா கொப்பளிக்கிற ஊற்றுகள் இருந்தன. ஜப்பான்காரர் செய்த சோதனையை இயற்கை அப்பவே செய்துவிட்டது. பூச்சிகளுக்கு ஒன்றுவிட்ட சொந்தமான, ஆறு கால் உள்ள சின்னஞ்சிறு உயிர் ஒன்று அந்தக் கல்லுக்குள் முப்பரிமாணத்தில் அப்படியே இருக்கிறது. 1926-ல் அதற்கு ரைனியெல்லா என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொன்று, இரும்பு. பிரேசிலில் கிராத்தோ என்ற இடத்துச் சுண்ணாம்புக் கல்லில், 11 கோடி வருஷத்துக்கும் மேல் பழைய பூச்சிகள். இங்கே கதையே தலைகீழ்: அழுக வைக்க வந்த பாக்டீரியாதான் காப்பாற்றியது! ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில், சல்ஃபேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியா பூச்சியைத் தின்னத் தின்ன, கழிவாக சல்ஃபைடு வெளியே வரும். தண்ணீரில் இரும்பு இருந்தால் இரண்டும் சேர்ந்து பைரைட் என்ற தாதுவாக, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற அளவு குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திசுவிலேயே படியும். பின்னாளில் அது காற்றுப் பட்டு துருப்பிடித்த இரும்பு ஆக்ஸைடாக மாறும். கோடிக்கணக்கான வருஷம் தாண்டி நிற்கிற ஒரு துருப்பிடித்த தத்துக்கிளி!

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது. அது பிரான்ஸ் கதை, பாண்டிக்குக் கொஞ்சம் உறவு முறை.

தெற்கு பிரான்ஸில் கெர்சி என்று ஒரு பகுதி. சுண்ணாம்புப் பாறை, உள்ளே நிறையப் பிளவுகள், குகைகள். அந்தப் பிளவுகளில் பாஸ்பேட் தாது நிரம்பிக் கிடந்தது. 19-ம் நூற்றாண்டில் உரத்துக்காக அதை வெட்டி எடுத்தார்கள். வெட்டும்போது எலும்புகளோடு, அரிசி அளவில் சில குட்டிக் கற்களும் கிடைத்தன. 3 மில்லிமீட்டர்தான். உற்றுப் பார்த்தால், ஈயின் கூட்டுப்புழு! செத்த விலங்கைத் தின்று வளர்ந்த புழுக்கள், கூடு கட்டிய நிலையில் கல்லாகிவிட்டன. இங்கே சிலிக்கா இல்லை, கால்சியம் பாஸ்பேட். நம்ம பல்லும் எலும்பும் எதனால் ஆனதோ அந்தக் குடும்பம். பாஸ்பேட் செறிந்த இடத்தில், அழுகும் உடலைச் சுற்றி ரசாயனச் சூழல் கொஞ்சம் அமிலமாக மாறினால், சுண்ணாம்பு படிவதற்கு முன் பாஸ்பேட் படிந்துவிடும். மின்னல் வேகத்தில்.

அந்தக் குட்டிக் கற்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் பெட்டிக்குள் தூங்கின. 1944-ல் ஹாண்ட்ஷின் என்பவர் ஆராய்ந்து எழுதினார். வெளித்தோற்றம்தான் பார்க்க முடிந்தது. உள்ளே என்ன இருக்கு? உடைத்தால் போச்சு. திரும்பப் பெட்டிக்குள்.

பிறகு ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்து விஞ்ஞானிகள் வந்தார்கள். சிங்க்ரோட்ரான் எக்ஸ்-ரேயில் ஒவ்வொரு கல்லாக வைத்து, உடைக்காமலே உள்ளே பார்த்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, 1,510 கூடுகள். பொறுமைக்கு ஒரு சல்யூட்! அவற்றில் 55 கூடுகளுக்குள் இருந்தது ஈ இல்லை. ஒட்டுண்ணிக் குளவி! தாய்க் குளவி ஈயின் கூட்டுக்குள் முட்டை வைத்திருக்கிறது; குளவிப் புழு ஈயை உள்ளேயே தின்று வளர்ந்திருக்கிறது; சிறகு மடித்து, வெளியே வர ரெடியாக இருந்த நேரத்தில் பாஸ்பேட் முந்திக்கொண்டது. கொலை, கொலைகாரன், கொலை நடந்த இடம் எல்லாம் ஒரே கல்லில். குளவியின் ரோமம்கூடத் தெரிகிறது. நான்கு புதிய இனங்கள். ஒரு பேரினத்துக்கு 'ஸீனோமார்ஃபியா' என்று பெயர் வைத்தார்கள். 'ஏலியன்' படம் பார்த்தவர்களுக்கு ஏன்னு புரிஞ்சிருக்கும். 2018-ல் இது வெளியானது.

ஒரே ஒரு குறை. அந்தப் பழைய சேகரிப்பில் எந்தக் கல் எந்தக் குழியில் எடுத்தது என்ற குறிப்பு சரியாக இல்லை. கெர்சியின் குழிகள் எல்லாம் ஒரே வயசு கிடையாது. ஒன்றுக்கொன்று பல லட்சம், கோடி வருஷ வித்தியாசம். அதனால் குளவியின் ரோமத்தை எண்ண முடிகிறவர்களால், அதன் வயதைக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடிகிறது. வெட்டியவர் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்திருந்தால் போதும்.

இதைப் படித்தபோது எனக்கு சுருக்கென்றது. காரணம் இருக்கு.

என் மேஜையில் ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் காவி, ஒரு பக்கம் வெள்ளை, நடுவில் கோடு கோடாக மர ரேகை. காலேஜ் செகண்ட் இயரில் நண்பர்களோடு திருவக்கரை போனபோது, பார்க்குக்கு வெளியே ஒரு வயல் வரப்பு ஓரத்தில் எடுத்தது. பார்க்குக்குள் எடுக்கலை, அதனால தப்பில்லைன்னு அப்போ நினைப்பு. அன்றைக்கு பைக் பின்னாடி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மா முதலில் அம்மிக்கு முட்டுக்கொடுக்க வைத்துக்கொண்டார். அப்புறம் என் பேப்பர் வெயிட் ஆனது. 20 வருஷமாக எல்லாரிடமும் சீன் போட்டிருக்கிறேன்: "இதோட வயசு என்ன தெரியுமா?"

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜியாலஜி நண்பன் வீட்டுக்கு வந்தான். வழக்கம்போல் சீன் போட்டேன். கையில் எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தான். கண் விரிந்தது. கல்லின் ஒரு ஓரத்தில், ரேகைக்குக் குறுக்கே, பென்சில் முனை நுழைகிற மாதிரி இரண்டு துளைகள். உள்ளே வேற நிறத்தில் ஏதோ நிரம்பி இறுகியிருந்தது. 20 வருஷமா அதை நான் 'டிசைன்'னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

"இது ஏதோ துளைச்ச மாதிரி இருக்குடா. எங்க எடுத்தே?"

"திருவக்கரை."

"திருவக்கரைல எங்க? மண்ணுக்குள்ள பதிஞ்சிருந்துச்சா, மேல கிடந்துச்சா? பக்கத்துல பெரிய கட்டை இருந்துச்சா?"

எனக்கு அந்த வரப்பு ஞாபகம் இல்லை. கிழக்கா மேற்கா தெரியாது. அன்றைக்கு யார் பைக்கில் போனோம் என்பதுகூட சந்தேகம். மரம் மண்ணுக்குள் இருந்தபோது உண்டான துளையா, அதற்கு முன்பே காட்டில் ஏற்பட்டதா, இல்லை பின்னாளில் தண்ணீர் அரித்ததா என்று பிரித்துப் பார்க்க, கல் கிடந்த இடம் வேண்டும்.

அவன் கல்லை மேஜையில் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். "நல்ல பேப்பர் வெயிட்" என்றான்.

பூச்சியே கிடைக்காவிட்டாலும் பூச்சி செய்த வேலை கல்லாகக் கிடைக்கும், அதுதான் விஷயம். உலகத்தில் சில இடங்களில் கல்மரத்துக்குள் கரையானின் சுரங்கங்களும், அதில் அது போட்ட ஆறு பட்டை எச்சங்களும் சிலிக்காவாகவே கிடைத்திருக்கின்றன. கரையான் காணோம், கக்கூஸ் மட்டும் பத்திரம்! மரத்தைத் துளைத்தவர் யார், எப்போது, உயிருள்ள மரத்தையா செத்ததையா என்றெல்லாம் அதை வைத்தே சொல்லலாம்.

சரி, பூச்சிகளுக்கு இந்தக் காட்டில் தப்பிக்க வேற வழியே இல்லையா? இருந்தது. கல்மரங்களைத் தகடாக அறுத்து, செல்களின் அமைப்பை இன்றைய மரங்களோடு ஒப்பிட்டு ஆள் யார் என்று கண்டுபிடிக்கிற வேலையைத் தமிழ்நாட்டில் பெரிய அளவில் செய்தவர்களில் ஒருவர் சி.ஜி.கே. ராமானுஜம். 1960-ல் தென்னிந்தியக் கல்மரங்கள் பற்றி அவர் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இந்தக் கடலூர் மணற்கல் மரங்களில் டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்களும் உண்டு. இன்றைக்கு அந்தக் குடும்பத்து ராட்சதர்களைப் பார்க்கணும்னா மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்கோ, மலேசியா, போர்னியோவுக்கோ போகணும். வானூர் வெயிலில் நின்றுகொண்டு இதை யோசித்தால் தலை சுத்தும். வெயிலுக்கும்தான்.

இந்தக் குடும்பத்து மரங்கள் பிசின் ஏராளமாக வடிக்கும். சாமி ரூமில் புகை போடுகிற குங்கிலியம் இந்தக் குடும்பத்து மரத்தின் பிசின்தான். பிசினில் மாட்டிய பூச்சிக்கு எறும்பும் வராது, தண்ணீரும் வராது. குஜராத்தில் சூரத் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 5 கோடி வருஷப் பழைய பிசின், அதாவது ஆம்பர், கிடைத்தது. அதை வடித்ததும் டிப்டெரோகார்ப் மரங்களே. லக்னோவில் இருக்கிற பீர்பல் சாஹ்னி நிறுவனத்து விஞ்ஞானியும் சேர்ந்த ஒரு குழு, 2010-ல் அதிலிருந்து 700-க்கும் மேற்பட்ட பூச்சி வகையறாக்களை அறிவித்தது. 55 குடும்பங்கள். ஆம்பரைக் கரைத்துப் பூச்சியை முழுசாக வெளியே எடுக்கவும் முடிந்தது. ஆக, ஒரே குடும்பத்து மரம். கட்டை போனது சிலிக்கா வழியில். பூச்சி போனது பிசின் வழியில்.

(அந்த லக்னோ நிறுவனம் பற்றி ஒரு கொசுறு. 1949 ஏப்ரல் 3-ம் தேதி நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல்லே, பல நாட்டு ஃபாசில்களைப் பதித்து சாஹ்னி தன் கையால் தயாரித்தது. ஒரே வாரத்தில் சாஹ்னி இறந்துவிட்டார். கல் இருக்கிறது.)

இத்தனையும் அந்த மாணவிக்கு எழுதி அனுப்பினேன். பேப்பர் வெயிட் கதையையும் மறைக்காமல். உடனே பதில்:

"சார், அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க மறுபடியும் போறோம். பூச்சித் துளை இருக்கிற கல் பார்க்குக்கு வெளியே கிடைச்சா எடுக்கலாமா?"

திருவக்கரை சுத்துப்பட்டில் குவாரி லாரிகள் ஓடுவதை அவரும் பார்த்திருப்பார். நாம விட்டுட்டு வந்தால் அடுத்த வாரம் அது ஜல்லியோடு ஜல்லியாகப் போயிடாதா என்ற பயம் நியாயமான பயம்தான். ஊர்ப் பக்கம் சில வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் கல்மரத் துண்டுகள் அலங்காரமாக உட்கார்ந்திருப்பதையும் நானே பார்த்திருக்கிறேன். என் மேஜையைப் பற்றித்தான் சொல்லியாச்சே. பதில் எழுத எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

எடுக்காதீங்க. கையில் போன் இருக்கு இல்லையா? முதலில் தூரத்திலிருந்து ஒரு படம், சுற்றியுள்ள மண்ணும் வரப்பும் தெரிகிற மாதிரி. பிறகு கிட்டே ஒரு படம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். கல் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, பாதி புதைந்ததா, முழுசா மேலே கிடக்கிறதா என்று ஒரு வரி. அதைப் பார்க்கில் இருக்கிற புவியியல் துறை ஆட்களிடம் காட்டுங்கள். உங்கள் துறைப் பேராசிரியருக்கும் ஒரு காப்பி.

அனுப்பிவிட்டு மேஜையைப் பார்த்தேன். 'ஆனந்தமான' இருபது வருஷம்! கல்லை எடுத்து ஒரு பழைய துண்டில் சுற்றி, ஒரு சீட்டில் எனக்கு ஞாபகம் இருக்கிற அத்தனையும் எழுதினேன். திருவக்கரை. பார்க்குக்கு வெளியே. வயல் வரப்பு. மேலே கிடந்தது என்று நினைக்கிறேன். நான்கு வரிக்கு மேல் தேறவில்லை.

ஞாயித்துக்கிழமை அவங்க வண்டியில் எனக்கும் ஒரு சீட் கேட்டிருக்கிறேன். அந்த வரப்பு இன்னும் இருக்கான்னு பார்க்கணும்.